லெனேசியாத் தோட்டத்தில் சாமந்தி

ஜனவரி 10

சாமந்திச் செடிகளின் நுனிகளை இந்தப் பருவத்துக்குக் கடைசி முறையாக இன்று கிள்ளிவிட்டேன். செப்டம்பரில் தூர்க்கன்றுகளைப் பிரித்து நட்டது முதல், கிளைகள் நீள நீளக் கிள்ளி வந்ததால் செடிகள் முழங்கால் உயரத்தில் அடர்ந்து நிற்கின்றன. இதற்கு மேல் கிள்ளினால் பூ பிந்தும். தென்னாப்பிரிக்காவில், ஜொகானஸ்பர்க்கின் லெனேசியாப் பகுதியில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் பிந்துகிற பூ உறைபனியில் கருகும். அந்தக் குளிரில் சாமந்தி எப்படிப் பிழைக்கிறது என்று தமிழ்நாட்டு உறவினர்கள் கேட்பதுண்டு. செடி பிழைப்பதில் சிக்கலே இல்லை. மேலே தண்டு கருகினாலும் மண்ணுக்குள் தூர் உயிரோடு கிடக்கும். இங்கே மழை கோடையில்தான் என்பதால், வறண்ட குளிர்காலத்தில் தூர் அழுகுவதும் அரிது. மொட்டு முந்துமா, பனி முந்துமா என்பதுதான் ஆண்டுதோறும் எனக்கிருக்கும் கவலை.

ஜனவரி 24

பிற்பகல் இடிமழையோடு ஆலங்கட்டியும் விழுந்தது. ஒடிந்த கிளைகளை வெட்டிவிட்டு, மற்றவற்றைக் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டினேன்.

பிப்ரவரி 16

வடக்கு பார்த்த சுவரை ஒட்டிய மஞ்சள் சாமந்தியில் மொட்டுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. நம் ஊர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் எங்களுக்கு வெயில் வடக்கிலிருந்து விழுகிறது, ஆகவே வடக்கு பார்த்த சுவரே தோட்டத்தின் கதகதப்பான இடம்.

சாமந்தி மொட்டு வைப்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இரவின் நீளம். டிசம்பரில் இங்கே பகல் ஏறக்குறைய 13 மணி 45 நிமிடம். ஜூனில் அது பத்தரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். பகல் குறுகி, இரவு தடையின்றி நீண்டால்தான் செடி இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டுக்குத் திரும்பும். இடையில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும் அந்த நீண்ட இரவைச் செடி இரண்டு குறுகிய இரவுகளாகவே கொள்கிறது. மதிலுக்கு வெளியே உள்ள தெருவிளக்கின் ஒளி விழும் வெள்ளைச் சாமந்தி, ஆண்டுதோறும் எல்லாவற்றுக்கும் பின்னால் பூப்பதற்கு இதுவே காரணம். ஓர் ஆண்டு அந்த விளக்கு பழுதாகி நெடுநாள் எரியாமல் கிடந்தபோது, அதே செடி மற்றவற்றோடு சேர்ந்து பூத்தது. தெருவே இருட்டைக் குறித்துக் குறைபட்டுக்கொண்டிருக்க, மகிழ்ந்தவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 8

இளந்தண்டுகளில் கரிய அசுவினிப் பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டேன். இரண்டொரு இலைகளின் அடியில் வெண்துரு என்ற பூஞ்சை நோயின் வெளிர்க் கொப்புளங்கள் இருந்தன. அவற்றைக் கிள்ளிக் குப்பையில் போட்டேன், எருக்குழியில் போடவில்லை. இனி காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர்.

மார்ச் 30

கடைகளில் சாமந்தித் தொட்டிகள் வரிசையாக வந்துவிட்டன. கரிய துணியால் கூடாரத்தை மூடிப் பொய்யிரவு உண்டாக்கி, எந்த மாதத்திலும் பூக்க வைக்கும் செடிகள் அவை. குட்டையாக இருக்க மருந்தும் தெளிக்கப்படுவதுண்டு. மண்ணில் நட்டால் மறு ஆண்டு இரு மடங்கு உயரம் வளர்ந்து சாய்வதைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்குவதைவிட, அண்டை வீட்டில் பல ஆண்டுகளாக நின்று பனியைக் கண்ட தூரிலிருந்து ஒரு கன்று கேட்டு வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். ஊரில் கோடை வெயில் கொளுத்தும் இந்நாளில், எங்கள் தெரு மரங்கள் இலை உதிர்க்கின்றன. மஞ்சள் சாமந்தி நன்றாக மலர்ந்துவிட்டது. வெளிவட்டத்து இதழ்கள் முழுதும் விரிந்த பின்னும், நடுவில் உள்ளவை பச்சை கலந்த மஞ்சளில் நகக்கண் அளவுக்குக் குவிந்தே இருக்கின்றன. அந்த நிலையில் பறித்த பூதான் பூமாலையில் வாடாமல் நிற்கும். பக்கத்து வீட்டு ஆயா மதிலோரம் வந்து, "சாமிக்கு ஒரு கை பூ குடும்மா," என்றார். கூடை நிறையப் பறித்துக் கொடுத்தேன்.

மே 7

விளக்கொளியில் நிற்கும் வெள்ளைச் செடியில் மொட்டுகள் இன்னும் மிளகு பருமன்தான். விளக்குப் பக்கம் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன், இவ்வளவு பிந்தி அது எந்த அளவுக்கு உதவும் என்ற ஐயத்தோடு.

மே 26

காற்றே இல்லை, வானம் துல்லியமாக இருக்கிறது. பனி இறங்குவது இத்தகைய இரவில்தான். வெள்ளைச் செடியைச் சுற்றிக் குச்சி நட்டு, பூவில் படாதபடி பழைய போர்வையைப் போர்த்தினேன்.

மே 27

புல்லெல்லாம் வெளுத்திருந்தது. போர்வைக்குள் பாதி விரிந்திருந்த வெள்ளைப் பூக்கள் தப்பின. குளிரால் அவற்றின் இதழோரம் இளஞ்சிவப்பேறியிருக்கிறது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கிளையின் மொட்டுகள் பழுப்பாகத் தொங்கின.

ஜூன் 9

பூத்து முடிந்த தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டி, தூரைச் சுற்றி உலர்ந்த இலைகளால் மூடாக்குப் போட்டேன். மழை இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் போதும். ஆகஸ்டில் தளிர் காணத் தொடங்கும்; வெள்ளைத் தூரை அப்போது பெயர்த்து, தெருவிளக்கை வீடே மறைக்கும் பின்கட்டுக்குக் கொண்டுபோகிறேன். மதிலோரத்து இடம் இனி வெளிச்சத்தைப் பொருட்படுத்தாத செடி எதற்காவது.