பானுமதி அம்மாவைப் பற்றியும் பேசுவோம்

லெபோ பாசார் பாட்டுக்கடையில் பழைய பாட்டு ஓடினால் நம்ம பினாங்குக்காரர்கள் உடனே பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி என்று ஆரம்பித்துவிடுவார்கள். சரி, மூவரும் எனக்கும் உயிர்தான். ஆனால் பி. பானுமதியை ஏன் விட்டுவிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

பின்னணிப் பாடகிகள் வந்துவிட்ட காலத்திலும் தன் பாட்டைத் தானே பாடியவர். 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பாருங்கள், ஆடுவதும் அவர், குரலும் அவருடையதே. அதற்கும் முன்பு, 1953இல், முப்பது வயதுகூட ஆகாதபோது 'சண்டிராணி'யை இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி, மூன்று மொழிகளிலும்! கணவர் ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து மகன் பரணி பெயரில் ஸ்டுடியோவும் நடத்தினார். ஒரு நடிகை கேமராவுக்குப் பின்னால் நின்று உத்தரவு போடுவதை அந்த நாளில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்?

அப்புறம் 'அன்னை', 1962. தங்கை பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்து, எங்கே பறிபோய்விடுமோ என்று பயந்து பயந்து வாழும் தாய். அந்தப் பயம் கோபமாக வெளிவரும். கண்ணீரைவிட அந்தக் கோபம்தான் என்னை உலுக்கியது. எங்கள் அம்மா இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கவே மாட்டார், பக்கத்தில் நான் உட்கார வேண்டும்.

தெலுங்கில் மாமியார் கதைகள் எழுதினார், சென்னை இசைக்கல்லூரி முதல்வராக இருந்தார், 2001இல் பத்மபூஷண் பெற்றார். 2005 டிசம்பரில் காலமானார்.

இந்த ஞாயிறு பசியாறிவிட்டுப் பிள்ளைகளோடு 'அன்னை' பாருங்கள். பார்த்துவிட்டு எந்தக் காட்சி பிடித்தது என்று கீழே எழுதுங்கள், நானும் பேச ஆவலாக இருக்கிறேன்.