யூரின் தெளிவாத்தானே போகுது, எதுக்கு ஸ்கோப்பு?

அப்பாவுக்கு மூத்திரப்பையில இருந்த கேன்சர் கட்டிய சுரண்டி எடுத்து மூணு மாசம் ஆச்சு, முதல் செக்கப் சிஸ்டோஸ்கோப்பிக்கு (மூத்திரப்பைக்குள்ள கேமரா ட்யூப் விட்டுப் பாக்குறது) கூப்பிட்டாங்க, மனுஷன் வரவே மாட்டேன்னு உக்காந்துட்டார். "யூரின் தெளிவாத்தானே போகுது, ரத்தம் வந்தா போலாம்டா"ன்னார். எனக்கும் உள்ளுக்குள்ள அதே நெனப்புதான், பொய் சொல்லல.

யூராலஜிஸ்ட்கிட்ட கேட்டப்போதான் விஷயம் புரிஞ்சுது. சின்னக் கட்டி ரத்தமே காட்டாம மாசக்கணக்குல இருக்குமாம், காட்டினாலும் ஒருநாள் வலியில்லாம வந்துட்டு நின்னுடும், நாமளும் சூடுன்னு விட்டுடுவோம். தசை வரைக்கும் இறங்காத வகையிலயே 5 வருஷத்துக்குள்ள திரும்ப வர்ற வாய்ப்பு ஆளுக்கேத்த மாதிரி 31லேர்ந்து 78 சதவீதம் வரைன்னு ஒரு பெரிய ஆய்வுல கணக்கு போட்டிருக்காங்க. ஏன்னா எடுத்தது ஒரு கட்டியதான், மூத்திரப்பையோட மிச்ச உள் லைனிங் பூரா அதே யூரின்லதான் வருஷக்கணக்கா ஊறியிருக்கு. சிகரெட்ல இருக்குற விஷமும் கிட்னி வழியா அங்கதான் வந்து தேங்குது (அப்பா அந்தப் பேச்சு வந்தாலே டாபிக்கை மாத்திடுவார், இப்போ விட்டுட்டார், அது வேற கதை).

சரி யூரின் டெஸ்ட் மட்டும் போதாதான்னு கேட்டேன். சைட்டாலஜி, அதாவது யூரின்ல கேன்சர் செல் இருக்கான்னு பாக்குற டெஸ்ட், ஹை கிரேடை (வேகமா வளர்ற வகை) ஓரளவு நல்லா பிடிக்கும், லோ கிரேடை (மெதுவா வளர்றது) பெரும்பாலும் கோட்டை விட்டுடும், அதனால ஸ்கோப்புக்குத் துணைதான், அதுக்கு மாத்து இல்லைன்னார். ரிஸ்க் கம்மின்னா 3வது மாசம் ஒரு ஸ்கோப்பு, அது க்ளியரா இருந்தா 12வது மாசம், அப்புறம் வருஷா வருஷம். அப்பாவுது ஹை கிரேடு, அதனால ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒருதடவை, அப்புறம் 5 வருஷம் வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை. நடுவுல பிசிஜி (கட்டி திரும்ப வராம இருக்க மூத்திரப்பைக்குள்ளயே விடுற மருந்து) வேற ஏத்துனாங்க, வாரம் ஒண்ணா ஆறு. அந்த எரிச்சல்ல எது மருந்தால, எது இன்ஃபெக்ஷன், எது நோய்னு நமக்கு சுத்தமா தெரியாது, அதனாலயே உள்ள பாத்தாத்தான் ஆச்சு.

ஸ்கோப்பு நாம பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போற ஜெல் போட்டு வளையுற ட்யூப் விடுறாங்க, சில நிமிஷந்தான், அப்புறம் ஒருநாள் ரெண்டுநாள் எரியும், தண்ணி நெறைய குடிக்கணும், ஜுரம் வந்தா மட்டும் உடனே ஓடணும்.

முதல் ஸ்கோப்பு க்ளியர். ரெண்டாவதுல, அதாவது ஆறாவது மாசம், கடுகு சைஸ்ல ஒண்ணு, ரத்தமும் இல்லை எரிச்சலும் இல்லை. அதையும் எடுத்தாச்சு, ஆழமா போகலன்னு பயாப்ஸி வந்துச்சு.

இப்போ அடுத்த தேதிய காலண்டர்ல அவரே வட்டம் போட்டு வெச்சிருக்கார், அந்த ஜெல்லைத்தான் இன்னும் திட்டிக்கிட்டே இருக்கார்.