சுமையைத் தரைக்கு இறக்கும் உடை

கடலூர் முதுநகரில் நாற்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த என் அப்பாவால் இப்போது முதுகை நிமிர்த்த முடிவதில்லை. அதனால், படைவீரர்களின் உடல்வலிமையைக் கூட்டும் இயந்திர உடைகளைப் பற்றி எங்கே படித்தாலும் அவர் நினைவுதான் வருகிறது. 1960களில் அமெரிக்க ராணுவத்தின் ஆதரவுடன் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய ஹார்டிமேன் என்ற உடை, ஏறத்தாழ 680 கிலோ எடை கொண்டது. முழு உடையையும் இயக்க முயன்றபோது அது கட்டுக்கடங்காமல் உதறியதால், ஒரு கையை மட்டுமே ஒழுங்காக இயங்கவைக்க முடிந்தது. 2001இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா அந்த முயற்சியை மீண்டும் கையிலெடுத்தது. 2009இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஹல்க் என்ற உடை, சுமார் 90 கிலோ சுமையைத் தோளில் தங்கவிடாமல், டைட்டானியக் கால்கள் வழியாக நேரே தரைக்கு இறக்கியது. மனிதனை மாவீரனாக்குவதைவிட அவனுடைய எலும்பைக் காப்பாற்றும் இந்த நுட்பமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் மின்கலம் தீர்ந்துவிட்டால் உடையே சுமையாகிவிடும்; நடையின் இயல்போடு ஒத்துப்போகாத உலோகக் கால், அணிந்தவரை இன்னும் விரைவில் களைப்படையச் செய்யும். ஆகவேதான் ஆய்வாளர்கள் எடை குறைந்த துணி உடைகளின் பக்கமும் திரும்பினார்கள். மின்கலமே இல்லாமல், இழுத்தால் நீண்டு மீளும் பட்டைகளால் முதுகின் பாரத்தைக் குறைக்கும் உடைகளும் இப்போது இருக்கின்றன. நம் துறைமுகத்தில் மீன்கூடையும் பனிக்கட்டியும் சுமப்பவர்களுக்கு அவை கிடைக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். இதை அப்பாவிடம் விளக்கியபோது, "சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நிற்க முடியுமா?" என்று கேட்டார்.