இங்கே புன்னகைக்கவும்

மேலிடத்துக்கு முன்னால் 20 நிமிடம் பேச வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது என் கையில் முழுசாக மூன்று வாரம் இருந்தது. விஷயமும் பெரிதில்லை. கிடங்குச் சரக்குக் கணக்குக்கு நாங்கள் வைத்திருக்கும் பழைய மென்பொருளை மாற்ற வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். ஆறு வருடமாக அந்தக் கிடங்கிலேயே குப்பை கொட்டுகிறவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் சும்மா சொன்னால் போதாதாம், தன்னம்பிக்கையோடு சொல்ல வேண்டுமாம். அதனால் மூன்று வாரத்தில் இரண்டரை வாரத்தைத் தன்னம்பிக்கைக்கே ஒதுக்கினேன்.

முதலில் ஸ்லைடுகள். கை கவாசாகி என்பவர் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 பாயின்டுக்குக் குறையக்கூடாது. இதில் நான் கடைப்பிடித்தது 20 நிமிடத்தை மட்டும்தான், அதுவும் அவர்கள் அவ்வளவுதான் கொடுத்தார்கள் என்பதால். ஸ்லைடு 38 வந்தது. ஒன்றுக்கு அரை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கொட்டாவி விட நேரமில்லாததால் இதுவும் நல்லதுதான் என்று தோன்றியது.

அப்புறம் ஒத்திகை. வீட்டில் மனைவியை உட்காரவைத்து முழுவதும் பேசிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி. கடைசியில அவங்க என்ன பண்ணணும்னு கேக்கறீங்க?” என்றாள். கடைசி ஸ்லைடில் நன்றி என்று போட்டிருக்கிறேனே என்றேன். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே குறிப்பு எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது அல்லவா? லேப்டாப்பில் நமக்கு மட்டும் தெரியும், சுவரில் ஸ்லைடு மட்டும் தெரியும். அதில் என் மொத்த மூளையையும் இறக்கி வைத்தேன். எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட எப்படி நிற்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதுதான் அதில் அதிகம்.

அந்த நாள் வந்தது. கூட்டம் பத்து மணிக்கு. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் தைரியம் பொங்கும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கழிவறைக் கண்ணாடி முன்னால் அப்படி நின்றேன். கதவு திறந்தது, நிதித்துறைத் தலைவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இடுப்பு வலியா?” என்றார். ஆமாம் சார் என்றேன். (இந்த யோசனைக்கு வேரான ஆய்வு 2010இல் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே, அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று 2016இல் சொல்லிவிட்டாராம். எனக்கு அது தெரிந்தது அடுத்த வாரம்.)

அறைக்குப் போய் ஒயரைச் செருகினேன். லேப்டாப்பில் ஸ்லைடு மட்டும் வந்தது, குறிப்பைக் காணோம். சரி, எல்லாம் மனப்பாடம்தானே என்று ஆரம்பித்துவிட்டேன். சுவரைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது பயந்தவன் வேலை என்று படித்திருந்ததால் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கண்ணெல்லாம் அவர்கள் மேலேயே.

அவர்கள் அவ்வளவு கவனித்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர்கூடக் கைபேசியைத் தொடவில்லை. இரண்டாவது ஸ்லைடில் நான் புன்னகைத்தேன், எல்லோரும் புன்னகைத்தார்கள். நான்காவதில் மூன்று வினாடி மௌனம் காக்க மறந்து அடுத்ததற்குத் தாவினேன். ஓரத்தில் இருந்த மேடம், “நிறுத்தலையே?” என்று மெல்லச் சொன்னது கேட்டது. பேச்சில் எப்படி ஒன்றிவிட்டார்கள் என்று நெகிழ்ந்து போனேன்.

ஒன்பதாவது ஸ்லைடு, புது மென்பொருளால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கு. நிதித்துறைத் தலைவர் கையைத் தூக்கினார். “இந்த மிச்சக் கணக்கு எங்கேயிருந்து வந்ததுன்னு கேக்கலாமா, இல்லை முதல்ல தண்ணி குடிச்சிடறீங்களா?”

அப்போதுதான் திரும்பினேன்.

சுவர் முழுக்க என் குறிப்பு. 'மிச்சக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நிதி சார் கேட்பார். கண்ணைப் பார்க்காதே. தண்ணீர் குடி. யோசி.' இரண்டு திரையும் இடம் மாறியிருக்கிறது. என் குறிப்பு அவர்களுக்கு, அவர்கள் ஸ்லைடு எனக்கு.

'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும் என்ற ஒரே வைத்தியம் எனக்குத் தெரியும். அழுத்தினேன். கறுத்தது லேப்டாப். சுவரில் ஓரமாக இருந்த குட்டி ஸ்லைடும் கறுத்துப்போய், குறிப்பு மட்டும் தனியாகப் பளிச்சென்று நின்றது. பதற்றத்தில் ஏதேதோ பொத்தானைத் தட்டியதில் முதல் ஸ்லைடுக்கே போய்விட்டது. '9.50: கழிவறை. இடுப்பில் கை. இரண்டு நிமிடம்.'

“அப்போ அது இடுப்பு வலி இல்லையா?” என்றார் அவர்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்ற இடத்தில் இரண்டு திரையையும் இடம் மாற்ற ஒரே சொடுக்கு போதுமாம். பிறகு ஒரு பையன் காட்டினான். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது லேப்டாப்பை மூடுவது ஒன்றுதான். மூடினேன். தண்ணீரும் குடித்தேன், நாக்கு அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அதற்கு ஸ்லைடு தேவைப்படவில்லை. கணினியில் 400 பெட்டி என்று இருக்கும், அலமாரியில் 370தான் இருக்கும். அந்த முப்பதைத் தேட ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று பேர் இரண்டு நாள் ஏணியில் ஏறி இறங்குவோம். பாதி நேரம் பெட்டி திருட்டுப் போயிருக்காது, திரும்பி வந்த சரக்கைப் பழைய மென்பொருள் இரண்டு தடவை கூட்டியிருக்கும். இதைச் சொல்லும்போது கையை எங்கே வைத்திருந்தேன் என்று ஞாபகமில்லை. நிதி சார் நாலைந்து கேள்வி கேட்டார், எல்லாமே கிடங்குக் கேள்விகள். கடைசியில், “சரி, இப்போ எங்ககிட்ட என்ன கேக்கறீங்க?” என்றார். எங்கேயோ கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. ஒரே ஒரு கிடங்கில் மூன்று மாதம் புதியதைப் போட்டுப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார்கள். மீதி 29 ஸ்லைடுகளை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

மாலையில் நிதித்துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகக் கோப்பை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு வரி: 'குறிப்புகளை நீக்க வேண்டாம்.'