கருவிழிக்குள் ஒரு வளையம்

கண்ணில் வளையம் வைத்த பிறகும் நான் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்து, "அப்புறம் எதுக்குப்பா ஆபரேஷன்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றுவதற்காக வைத்த வளையம் இல்லை அது. கண்ணாடி போட்டாலாவது தெரியவேண்டுமே என்று வைத்தது. வலது கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி ஒரே சீராக வளையாததால் வரும் பவர், 5.5-க்குப் போயிருந்தது. எந்தக் கண்ணாடி மாற்றினாலும் நிலா மூன்றாகத் தெரியும்; பஸ் போர்டில் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து தொங்கும்.

நான் முதலில் போனது கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சையான லேசிக் கேட்டுத்தான். பென்டாகாம் என்ற ஸ்கேன் கருவியில் கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலத்தை, படம் எடுத்தார்கள். நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. அதைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கண்ணை ரொம்பக் கசக்குவீங்களா?" சின்ன வயதிலிருந்தே எனக்குக் கண் அரிப்பு உண்டு. கெரடோகோனஸ் என்றார்: கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே தள்ளிக்கொண்டு வரும் நோய். பொதுவாகக் கருவிழியின் நடுவில் 540 மைக்ரான் அளவுக்குத் தடிமன் இருக்கும். எனக்கு மெலிந்த இடத்தில் 465. லேசிக் கருவிழியை இன்னும் செதுக்குகிற வேலை என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

செமி சாஃப்ட் என்ற, கொஞ்சம் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் பார்வை நன்றாகவே தெரிந்தது. ஆனால் பைக்கில் போகிற எனக்கு ஒரு தூசி விழுந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டி அழவேண்டும். அதனால்தான் வளையம்.

முழு வட்டமாக எதையும் வைப்பதில்லை; பிறை வடிவத் துண்டு ஒன்றோ இரண்டோ. கூம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவும் எண்ணிக்கையும் மாறும். எனக்கு ஒன்று போதும் என்றார்கள். தொய்ந்த கொசுவலையின் ஓரத்தில் கம்பு கொடுத்தால் நடுப்பகுதி இழுபட்டு நிமிர்கிறதல்லவா, அந்த வேலையைத்தான் இது கருவிழிக்குச் செய்கிறது. பொருள் பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக். எங்கள் அம்மாச்சிக்குக் கண்புரைக்கு வைத்த கெட்டி லென்ஸும் அதேதான் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. அமெரிக்காவில் 1999-இல் குறைந்த மைனஸ் பவருக்காக இன்டாக்ஸ் என்ற பெயரில் இந்த வளையத்துக்கு அனுமதி கிடைத்தது. லேசிக்கோடு போட்டி போட முடியாமல் அது எடுபடவில்லை. பிரான்சில் ஜோசப் கோலின் என்ற மருத்துவர் கெரடோகோனஸுக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபிழைப்பு. இப்போது பிளாஸ்டிக்குக்குப் பதில் தானமாக வந்த கருவிழியிலிருந்தே துண்டு வெட்டி வைக்கும் கெய்ர்ஸ் முறையும் இருக்கிறது. அதை உருவாக்கியவர் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப்.

காப்பீட்டில்தான் அலைச்சல். 7.5-க்குக் குறைந்த கண் பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு விதி உண்டு. அதைக் காட்டி முதலில் தள்ளிவிட்டார்கள். இது பவர் குறைப்பு இல்லை, கெரடோகோனஸ், நோய்க் குறியீடு ஹெச்18.6 என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பிய பிறகு, பிடித்தம் போக மீதி வந்தது. அந்தக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

ஆபரேஷன் சின்னதுதான். மரத்துப்போக சொட்டு மருந்து, ஊசி கிடையாது. கருவிழிக்குள் வெட்டும் ஃபெம்டோ லேசர் கருவி கண்ணை அழுத்திப் பிடித்த சில நொடிகள் எல்லாம் மங்கிவிட்டது. அதற்குள் கருவிழியின் முக்கால் ஆழத்தில் வளைவான சுரங்கம் தயார். அப்புறம் துண்டை உள்ளே தள்ளினார்கள். அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. அன்று மாலையே வீடு. கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் சில நாள்.

உண்மையான வலி பிறகு செய்த சி3ஆர் என்ற, கருவிழியைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சையில்தான். வளையம் வடிவத்தைத் திருத்துமே தவிர நோயை நிறுத்தாது. நிறுத்த சி3ஆர் வேண்டும். கருவிழியின் மேல்தோலை எடுத்து, ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். தோல் மறுபடி மூடும்வரை இருட்டறையில் படுத்துக் கிடந்தேன். வளையத்தைப் பற்றிப் பயமுறுத்தியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை!

பார்வை உடனே தெளியவில்லை. காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. பவர் நிலைக்க மாதக்கணக்கில் ஆனது, அதுவரை புதுக் கண்ணாடி வாங்கவேண்டாம் என்றார்கள். இப்போது சிலிண்டர் 2.5. கண்ணாடியோடு கண் டாக்டரின் எழுத்துப் போர்டில் கடைசிக்கு முந்தைய வரிவரை படிக்கிறேன். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வில்லாக ஒரு ஒளி தெரியும்; கண்மணி விரியும்போது வளையத்தின் ஓரம் பட்டு வருவது அது. குறைந்திருக்கிறது, போகவில்லை. வெளியூருக்கு ராத்திரியில் பைக் எடுப்பதை விட்டுவிட்டேன்.

இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் தங்கைக்கும் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம், இரண்டு கண்ணும் சரியாக இருக்கிறது. அரிப்புக்கு மட்டும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.