உப்புக்காற்றில் பின்விளக்கு

2006இல் இலங்கையின் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து படகேறி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் பதிந்தபோது எனக்குத் தெரிந்த தொழில் மீன்பிடி ஒன்றுதான். முகாமில் இருந்துகொண்டு அதற்குப் போக வழியில்லை. எங்கள் ஆட்கள் பலர் பெயின்ட் வேலைக்குப் போனார்கள். எனக்குச் சாரம் ஏறினாலே தலை சுற்றும். சாலையோரம் வண்டி வயரிங் கடை வைத்திருந்த பாயிடம் கையாளாகச் சேர்ந்தேன்.

கடைக்கு அதிகம் வருவது மீன் ஏற்றும் குட்டியானை வண்டிகள். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பின்கதவு வழியே ஒழுகி நேரே விளக்குக்குள் இறங்கும். “பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மினுங்குது பாய்” என்பார் டிரைவர். அதற்குள் இரண்டு பல்பு மாற்றிப் பார்த்திருப்பார்.

பாய் பல்பைத் தொடமாட்டார். “எர்த்தைப் பாருங்க தம்பி” என்பார். பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாவற்றுக்கும் கரண்ட் வரும் வயர் தனித்தனி. திரும்பிப் போக இருப்பது பெரும்பாலும் ஒரே கறுப்பு வயர், அதுதான் எர்த். அது பாடியில் ஒரு ஸ்குரூவில் முடியும். அங்கே துரு ஏறிவிட்டால் பிரேக் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகும். இரண்டும் மங்கலாக எரியும். ஸ்குரூவைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினால் சரி. ஹோல்டரிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், அதையும் சுரண்ட வேண்டும்.

பல வண்டிகளில் பார்க்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்புதான். உள்ளே 5 வாட்டில் ஓர் இழை, 21 வாட்டில் இன்னொன்று. திருப்பிப் போட முடியாதபடி பக்கவாட்டு முளை இரண்டும் ஏற்ற இறக்கமாக இருக்கும். அதையும் பிளையரால் திணித்துவிட்டு, பிரேக் மிதித்தால் விளக்கு மங்கலாகத்தான் எரிகிறது என்று வந்து நிற்பவர்கள் உண்டு!

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு அவுட். இழுக்கும் கரண்ட் குறைந்ததும், இண்டிகேட்டரை மினுக்கும் ஃபிளாஷர் வேகம் கூட்டிவிடும். பழைய வண்டியில் எல்இடி பல்பு மாட்டினாலும் இதே கூத்துதான்.

இப்போது பாய் தொழுகைக்குப் போயிருந்தாலும் ராமேசுவரம் டாக்சிக்காரர்கள் காத்திருப்பதில்லை. “சிலோன் அண்ணே, லைட்டப் பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்குப் போய்விடுகிறார்கள்.