எச்.வி.பி.ஜி. அளக்கும்போது எங்கே பிசகும்?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) ஆய்வுகளில் எல்லோரும் கேட்கும் எண் எச்.வி.பி.ஜி., அதாவது கல்லீரல் சிரை அழுத்த வேறுபாடு. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் நேரடியாக ஊசி போட்டால் ரத்தக்கசிவு அபாயம் என்பதால், கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரல் சிரைக்குள் போய், அதை அடைத்தும் திறந்தும் அழுத்தம் பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த எண். 5 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. 10-ஐத் தொட்டால் உணவுக்குழாய்ச் சிரைப் புடைப்பும் வயிற்றில் நீர் கோப்பதும் வரக்கூடிய கட்டம். 12-ஐத் தொட்டால் அந்தப் புடைப்பு வெடித்து ரத்தம் வரலாம்.

முந்தின இரவிலிருந்து பட்டினி. பதற்றப்படுபவருக்கு மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து, கிலோவுக்கு 0.02 மி.கி. போதும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுத்து ஆழ்ந்து தூங்கவைத்தால் மூச்சோடு சேர்ந்து அழுத்தக்கோடும் ஆடும். அந்த அளவை ஆய்வுக்கு எடுக்காதீர்கள்.

டிரான்ஸ்டியூசரை (அழுத்தத்தை உணரும் கருவி) அக்குள் நடுக்கோட்டு மட்டத்தில் வைத்து ஜீரோ செய்யுங்கள். பிறகு தண்ணீர் நிரம்பிய குழாயை 13.6 செ.மீ. உயர்த்தினால் மானிட்டர் 10 காட்டவேண்டும். காட்டாவிட்டால் குழாயில் காற்றுக் குமிழியோ தளர்ந்த இணைப்போ இருக்கும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பலூன் கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) வலது இதய அறையைக் கடக்கும்போது துடிப்பு தவறலாம், ஈ.சி.ஜி.யில் ஒரு கண் இருக்கட்டும். திறந்த அழுத்தத்தை (பலூனை ஊதாமல் எடுப்பது), கல்லீரல் சிரை இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் சேரும் இடத்திலிருந்து 2 முதல் 4 செ.மீ.க்குள் எடுக்கவேண்டும். அது பெருஞ்சிரை அழுத்தத்தைவிட 2-க்கு மேல் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் நுனி ஆழமாகப் போயிருக்கிறது; கொஞ்சம் பின்னால் இழுங்கள்.

அடுத்து பலூனை ஊதி, எக்ஸ்-ரேயில் தெரியும் சாயம் 5 மி.லி.யை மெதுவாகச் செலுத்துங்கள். சாயம் நகராமல் அப்படியே தேங்கி நின்றால் அடைப்பு சரி. பலூன் ஓரமாக நழுவினால் இடம் மாற்றி மறுபடி ஊதவேண்டும். பக்கத்துக் கல்லீரல் சிரைக்குள் சாயம் ஓடினால் சிரைகளுக்குள் குறுக்கு இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே எடுத்த எண் உண்மையைவிடக் குறைவாகவே வரும், அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

பெரிய பிழை நடப்பது இதற்குப் பிறகுதான். பலூன் ஊதியதும் கோடு சட்டென்று ஏறும், பிறகு நிதானமாக இன்னும் ஏறும். திறந்த அழுத்தம் 8 என்று வைத்துக்கொள்வோம். இருபது நொடியில் 20 என்று குறித்துவிட்டால் விடை 12. முழு ஒரு நிமிடம் காத்திருந்து கோடு சமமானதும் பார்த்தால் 22, விடை 14. ஆரம்பத்தில் 12 இருப்பவருக்கு மருந்து 10% குறைத்ததா என்று பார்க்கும் ஆய்வில் மொத்த மாற்றமே 1.2 தான். இரண்டு மி.மீ. தவறினால் மருந்தின் பலனே அதில் மறைந்துவிடும். அதனால் மூன்று முறை அளந்து, 1-க்கு மேல் வேறுபட்டால் திரும்ப எடுக்கிறோம். திரையில் மின்னும் எண்ணை நம்பாமல் கோட்டுப் பதிவைச் சேமிக்கிறோம். இருமல், பேச்சு எல்லாவற்றையும் அதிலேயே குறிக்கிறோம். மருந்துக்கு முன்னா பின்னா என்று தெரியாத ஒருவர் பிறகு அந்தக் கோட்டைப் படிக்கவேண்டும்.

புடைப்பு பெரிதாக இருந்தும் எண் 6, 7 என்று வந்தால் உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். போர்ட்டல் சிரையில் ரத்த உறைவோ, இந்தியாவில் அடிக்கடி பார்க்கும் சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் நார்மயமோ (போர்ட்டல் சிரைக் கிளைகளைச் சுற்றித் தழும்பேறுவது) இருக்கலாம். அடைப்பு கல்லீரலின் நுண்குழல்களுக்கு முன்னாலேயே இருப்பதால் இந்த அளவீடு அதைப் பார்க்காது. ஆய்வில் சேர்க்கும் முன்பே டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள்.